அமெரிக்காவில் முதியோர் காப்புறுதி: ஒப்பமிடும் முன் அறியவேண்டியவை

எமது குடும்பங்கள் இன்று பல நாடுகளில் சிதறி வாழ்கின்றன. ஊரை விட்டு இடம்பெயர்ந்த பெற்றோர் ஒருபுறம், கடல் கடந்த பிள்ளைகள் மறுபுறம் என்பது பல வீடுகளின் நிலை. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகனோ மகளோ வயது சென்ற தாய் தந்தையரை நிரந்தர வதிவிட அனுமதியுடன் தம்மிடம் அழைத்துக்கொள்வதும் உண்டு. வாழ்நாள் முழுவதும் வயலிலும் தோட்டத்திலும் நின்றவர்கள் அங்கு சென்றதும் எழும் கேள்வி, வருத்தம் வந்தால் யார் பணம் கட்டுவது என்பதாகும். இங்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் துண்டு எடுத்து வரிசையில் நின்றால் இலவசமாக மருந்து கிடைக்கும். அங்கு அப்படியல்ல. வைத்தியத்தோடு காப்புறுதி வரும்; காப்புறுதியோடு முகவரும் வருவார்.

இப்பாடத்தில் மெடிக்கெயார் எனும் அமெரிக்க அரச காப்புறுதி, அதன் குறையை நிரப்பும் துணைக் காப்புறுதி, அதை விற்கும் முகவர் ஆகிய மூன்றையும் நோக்குவோம். அங்கு செல்லவிருக்கும் பெற்றோருக்கும் அவர்களுக்கு ஆலோசனை கூறும் உறவினருக்கும் இது நேரடியாகப் பயன்படும். இங்கேயே இருப்போருக்கும், முன்பின் அறியாத ஒன்றை விற்க வருபவர் முன் எவ்வாறு அமர்வது என்பதைக் கற்க இது உதவும்.

1. மெடிக்கெயார் எதைக் கொடுக்கிறது? எதை விடுகிறது?

1965 ஜூலை 30ஆம் திகதி ஜனாதிபதி லின்டன் ஜோன்சன் கையொப்பமிட்ட சட்டத்தினால் மெடிக்கெயார் உருவானது. இது முக்கியமாக 65 வயதை அடைந்தோருக்கானது. இதன் 'ஏ பகுதி' ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும், 'பீ பகுதி' வைத்தியர் கட்டணம், பரிசோதனை முதலியவற்றுக்கும் உரியது.

66 வயதில் அங்கு செல்லும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். நிரந்தர வதிவிட அனுமதியுடன் ஐந்து வருடங்கள் தொடர்ந்து வாழ்ந்த பின்னரே அவர் பணம் செலுத்தி மெடிக்கெயாரில் சேரலாம். அதாவது 71 வயதில். அதுவரைக்கும் வேறு காப்புறுதிக்கு வழி என்னவென்று பயணத்துக்கு முன்னரே பிள்ளைகளோடு பேசித் தீர்க்க வேண்டும். அங்கு ஏறக்குறைய பத்து வருடங்கள் வேலை செய்து வரி கட்டியவருக்கும் அவரது துணைவருக்கும் ஏ பகுதி கட்டணமின்றிக் கிடைக்கும். எமது தாயோ, அவரது கணவரோ அவ்வாறு உழைத்தவரல்லர். ஆகவே 2026ஆம் ஆண்டின் கணக்குப்படி அவர் ஏ பகுதிக்கு மாதம் 565 டொலரும், பீ பகுதிக்கு 202 டொலர் 90 சதமும் கட்ட வேண்டும்.

இவ்வளவு கட்டியும் எல்லாச் செலவும் தீர்ந்துவிடாது. ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டால் முதல் 1,736 டொலரை நோயாளரே கொடுக்க வேண்டும். நீண்ட இடைவெளி விட்டு மீண்டும் அனுமதிக்கப்பட்டால், அதே வருடத்திலும் இத்தொகையை மறுபடி கொடுக்க நேரிடலாம். 60 நாட்களுக்கு மேல் தங்கினால், 90ஆம் நாள் வரை நாளொன்றுக்கு 434 டொலர். பீ பகுதியிலோ வருடத்தின் முதல் 283 டொலர் நோயாளருடையது. அதன் பின்னர் வரும் செலவில் நூற்றுக்கு 20 அவருடையது.

ஒரு கணக்குப் பார்ப்போம். வைத்தியச் செலவு 10,283 டொலர் என வைத்துக்கொள்வோம். முதல் 283 டொலரைத் தாய் கொடுப்பார். மீதி 10,000 டொலரில் மெடிக்கெயார் 8,000 கொடுக்கும். தாய் மேலும் 2,000 கொடுப்பார். புற்றுநோய் போன்ற பெரிய வருத்தமானால் இந்த நூற்றுக்கு 20 எங்கே போய் நிற்கும்? இதற்கு மேல்வரம்பு கிடையாது. ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளக்கூடிய இடைவெளி இதுதான்.

2. இடைவெளியை நிரப்பும் பத்திரம்

இந்த இடைவெளிக்கெனத் தனியார் நிறுவனங்கள் விற்கும் துணைக் காப்புறுதியே 'மெடிகப்' எனப்படுகிறது. இதை வாங்க ஏ, பீ ஆகிய இரு பகுதிகளும் இருக்க வேண்டும். ஒரு பத்திரம் ஒருவருக்கே உரியது. கணவனும் மனைவியும் தனித்தனியே வாங்க வேண்டும்.

ஒரு காலத்தில் இப்பத்திரங்கள் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு விதமாக இருந்தன. எது நல்லது, எது கெட்டது என்று முதியவர்களால் ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. ஒப்பிட முடியாத இடத்தில் முகவரின் வாய்ச்சொல்லே சரக்காகிவிடும். பயம் காட்டி ஒரே முதியவருக்கு ஒன்றின் மேல் ஒன்றாகப் பல பத்திரங்கள் விற்கப்பட்டன. 1978இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதியோர் குழு இம்முறைகேடுகளை விசாரித்தது. 1980இல் ஒரு சட்டம் வந்தது, அது போதவில்லை. 1990இல் வந்த சட்டமே நிலைமையை மாற்றியது. அதன்படி 1992 முதல் பத்திரங்கள் எழுத்துப் பெயரிட்ட பத்துத் திட்டங்களாக வரையறுக்கப்பட்டன. மசாச்சுசெட்ஸ், மினசோட்டா, விஸ்கொன்சின் ஆகிய மூன்று மாநிலங்களில் மாத்திரம் வேறு அமைப்பு உண்டு.

இதன் பயன் என்ன? ஒரு நிறுவனம் விற்கும் 'திட்டம் ஜி'யும் மற்றொரு நிறுவனம் விற்கும் 'திட்டம் ஜி'யும் ஒரே அடிப்படை நன்மைகளைத் தரும். விலை மட்டும் வேறுபடும். ஒரே நெல்லை இரு கடைகளில் விலை கேட்பது போன்றது இது. ஆகவே "எங்கள் ஜி மற்றவர்களின் ஜியைவிடச் செலவை அதிகம் ஏற்கும்" என்று ஒருவர் கூறினால் கவனமாக இருக்க வேண்டும்.

மெடிக்கெயாரின் 'பீ பகுதி' வேறு, மெடிகப்பின் 'திட்டம் பீ' வேறு என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டையும் ஒன்றென எண்ணி ஏமாறுவோர் உண்டு.

2020 ஜனவரி முதல் புதிதாக மெடிக்கெயாருக்கு உரித்தானோர் 'சீ', 'எவ்' ஆகிய இரு திட்டங்களையும் வாங்க முடியாது. எஞ்சியவற்றுள் இரண்டைக் குறிப்பிடுவோம். திட்டம் ஜி, பீ பகுதியின் முதல் 283 டொலரைத் தவிர, மேற்கூறிய இடைவெளிகளை நிரப்பும். எமது கணக்கில் அந்த 2,000 டொலரை அது கட்டும். திட்டம் என், வைத்தியரைச் சில வேளைகளில் சந்திக்கும்போது 20 டொலர் வரையும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று அனுமதிக்கப்படாது திரும்பினால் 50 டொலர் வரையும் நோயாளரிடம் விடும். அதற்கேற்ப அதன் மாதக் கட்டணம் பொதுவாகக் குறைவு.

எமது பெற்றோருக்கு முக்கியமான மற்றொரு விடயம் உண்டு. ஊருக்கு வந்து நிற்கும்போது வருத்தம் வந்தால் மெடிக்கெயார் பொதுவாக எதுவும் கட்டாது. ஜி, என் உட்படச் சில திட்டங்கள், பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் தொடங்கும் அவசர சிகிச்சைக்கு, முதல் 250 டொலர் கழித்து, நூற்றுக்கு 80 கொடுக்கும். வாழ்நாள் முழுவதற்கும் 50,000 டொலரே எல்லை. மூன்று மாதம் ஊரில் நிற்க வருபவர் இதைக் கணக்கிற் கொள்ள வேண்டும்.

பல், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, நீண்டகாலப் பராமரிப்பு ஆகியவற்றை மெடிகப் பொதுவாக ஏற்பதில்லை. மருந்துகளுக்கு 'டீ பகுதி' எனும் வேறு காப்புறுதி உண்டு.

3. பருவம் தவறினால்

இப்பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாயின் இதை வையுங்கள். 65 வயதானவருக்குப் பீ பகுதி தொடங்கும் மாதத்திலிருந்து ஆறு மாதங்கள் உண்டு. அக்காலத்தில் எந்த நிறுவனமும் வருத்தத்தைக் காரணம் காட்டி மெடிகப் பத்திரத்தை மறுக்க முடியாது. விலையைக் கூட்டவும் முடியாது. எமது தாய்க்கு 71 வயதில் பீ பகுதி தொடங்கினால் அவரது ஆறு மாதமும் அப்போதே தொடங்கும். ஏற்கெனவே உள்ள வருத்தத்துக்கு ஆறு மாதம் வரை காத்திருக்கும்படி நிறுவனம் சொல்லலாம். அதற்கு முன் தொடர்ச்சியாக வேறு காப்புறுதி இருந்திருப்பின் அக்காலம் குறையும் அல்லது இல்லாமற் போகும்.

ஆறு மாதம் கடந்துவிட்டால், நியூயோர்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களையும் சட்டம் கூறும் சில விசேட சந்தர்ப்பங்களையும் தவிர, நீரிழிவு, இருதய வருத்தம் என்று கூறி நிறுவனம் மறுக்கலாம். காலபோக மழைக்கு விதைக்காத வயலுக்குப் பின்னர் எவ்வளவு இறைத்தும் பயனில்லை என்பது எமக்குத் தெரியும். உரிய காலத்தில் வாங்கியவருக்கோ, கட்டணம் ஒழுங்காகக் கட்டி, உண்மையைச் சொல்லியிருந்தால், வருத்தம் முற்றியதற்காகப் பத்திரத்தை நிறுத்த முடியாது.

4. இன்றைய விலை, நாளைய விலை

கட்டணம் மூன்று விதமாகக் கணிக்கப்படும். முதலாவது, வயதைப் பாராது எல்லோருக்கும் ஒரே விலை. இரண்டாவது, வாங்கும் வயதுக்கேற்ற விலை. வயது ஏறுவதால் அது கூடாது. மூன்றாவது, ஒவ்வொரு வயதுக்கும் ஏறும் விலை. மூன்றாவது தொடக்கத்தில் மலிவாகத் தோன்றி, எண்பது வயதில் பாரமாகலாம். விலைவாசியோடு மூன்றுமே ஏறக்கூடும். எனவே "இன்று எவ்வளவு?" என்பதோடு நிற்காமல், "எந்த முறை? எண்பது வயதுக்காரர் இன்று எவ்வளவு கட்டுகிறார்?" என்றும் கேட்க வேண்டும்.

5. முகவர் வரும்போது

முகவர் எல்லோரும் ஏமாற்றுவோர் அல்லர். பொறுமையோடு விளக்கி, பத்திரம் வாங்கிய பின்னரும் உதவி செய்வோர் பலர் உண்டு. ஆயினும் அவருக்குத் தரகு கொடுப்பது நிறுவனம் என்பதை மனதிற் கொண்டே அவரது ஆலோசனையைக் கேட்க வேண்டும். கீழ்வருவனவற்றைக் கடைப்பிடிப்பது நல்லது.

• காப்புறுதி விற்க மெடிக்கெயார் எவரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. அரசாங்கத்தின் ஆள் என்று கூறி விற்பது சட்டவிரோதம். மாநிலத்தின் காப்புறுதித் திணைக்களத்தில் அவரது அனுமதிப்பத்திரத்தைச் சரிபார்க்கலாம்.

• ஒரே எழுத்துத் திட்டத்துக்குக் குறைந்தது மூன்று நிறுவனங்களின் விலையைக் கேளுங்கள்.

• அன்றே ஒப்பமிட வேண்டாம். "இன்று மட்டும்தான் இந்த விலை" என்பவரை நாளை வரச் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளையோ பேரப்பிள்ளையோ அருகில் இருக்கட்டும்.

• வருத்தத்தை மறைத்து எழுதும்படி யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். பொய்யை எழுதச் சொன்னவர் போய்விடுவார். ஒப்பம் உங்களுடையதாக இருக்கும்.

• காசாகக் கொடுக்க வேண்டாம். காசோலையை நிறுவனத்தின் பெயருக்கு எழுதுங்கள். தொலைபேசியில் அழைக்கும் அந்நியருக்கு மெடிக்கெயார் அட்டை இலக்கத்தைச் சொல்லாதீர்கள்.

• ஒருவருக்கு ஒரு மெடிகப் பத்திரமே போதும். பழையதை விடும் எண்ணமில்லாதவருக்கு இரண்டாவதை விற்பது சட்டவிரோதம். மாற்றுவதாயின் புதியது கைக்கு வரும் வரை பழையதை நிறுத்த வேண்டாம்.

• பத்திரம் கிடைத்த பின் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்தால் கட்டிய பணம் கிடைக்கும். காணி உறுதியின் நான்கு எல்லைகளையும் வாசிப்பது போல, அந்நாட்களில் அதை வாசித்து முடியுங்கள்.

சில முகவர்கள் 'மெடிக்கெயார் அட்வான்டேஜ்' என்பதை முன்வைப்பர். இது துணைக் காப்புறுதி அல்ல. மெடிக்கெயாரின் நன்மைகளைத் தனியார் நிறுவனம் ஒன்றின் வழியாகப் பெறும் வேறு பாதை. மாதக் கட்டணம் குறைவாக இருக்கலாம். வருடச் செலவுக்கு மேல்வரம்பும் உண்டு. ஆனால் பெரும்பாலும் நிறுவனத்தின் பட்டியலில் உள்ள வைத்தியரிடமே செல்ல வேண்டும். அதை விட்டு மெடிகப்புக்கு வர விரும்பினால் அப்போது மறுக்கப்படலாம். வருமானம் மிகக் குறைந்தவருக்கு 'மெடிக்கெய்ட்' எனும் அரச உதவி உண்டு. அது முழுமையாகக் கிடைப்பவருக்கு மெடிகப் பொதுவாகத் தேவைப்படாது.

எதைத் தெரிவதென்று குழப்பமாயின், 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த மாநில சுகாதாரக் காப்புறுதி உதவித் திட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு. அங்குள்ள ஆலோசகர் எதையும் விற்பதில்லை. அவரது ஆலோசனை இலவசம். முகவரைச் சந்திக்கும் முன் அவரைச் சந்திப்பதே சிறந்தது. தெரியாது என்று சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை. தெரிந்தது போலத் தலையாட்டி ஒப்பமிட்டால், அதன் சுமை முதுமையில் வந்து சேரும்.

கூடிப் பேசுவதற்கு

1. விளங்காத ஒரு பத்திரத்தில் நாம் எப்போதாவது ஒப்பமிட்டதுண்டா? என்ன கேட்டிருக்க வேண்டும்?

2. எல்லா நிறுவனங்களும் ஒரே வகைப் பத்திரத்தை விற்கவேண்டும் என்ற சட்டத்தால் வாங்குபவருக்கு என்ன பலம் கிடைத்தது?

3. எமது குடும்பத்தில் ஒரு முதியவர் வெளிநாடு செல்வதாயின், முதல் ஐந்து வருடங்களின் வைத்தியச் செலவு பற்றிப் பிள்ளைகளிடம் எவ்வாறு பேசுவது?