ரோபோவுக்குப் பாடம் நடத்தட்டும் பிள்ளைகள்

வகுப்புக்கு ரோபோ வந்ததும் அதை வாத்தியாராக்கப் பார்ப்பார்கள். வேண்டாம், மாணவராக்குங்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள இபிஎஃப்எல் பல்கலைக்கழகத்தின் 'கோரைட்டர்' திட்டத்தில், நாவோ என்ற குட்டி ரோபோ கோணல்மாணலாக எழுதியது. குழந்தைகள் திருத்திக் கொடுத்தார்கள். எழுத்துச் சரியாக வராத பிள்ளைதான் அங்கே வாத்தியார். அறிவியலிலும் இதைச் செய்யலாம்.

முதலில், மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மின்சுற்று நல்ல தொடக்கம். தொடரிணைப்பில் இரண்டு பல்புகள் இருந்தால், முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும், அடுத்தது மங்கலாக எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அதையே ரோபோ சொல்லட்டும்.

அடுத்தது குரல். வகுப்பு இரைச்சலில் குழந்தைகள் பேசுவதை ரோபோ பிடித்துக்கொள்ளும் என்று நம்பி இறங்காதீர்கள். வசனங்களைத் தமிழில் நீங்களே செல்போனில் பதிவுசெய்யுங்கள். நாவோவுக்கான கொரியோகிராஃப் மென்பொருளில் ஒலிக்கோப்புக்கு ஒரு பெட்டி, தலையிலுள்ள தொடு உணரிக்கு ஒரு பெட்டி உண்டு. இரண்டையும் கோடிழுத்து இணைத்தால், தலையைத் தொட்டதும் பேசும். முன்தலைக்குத் தவறான விடை. நடுத்தலைக்கு, "எப்படித் தெரியும்?" பின்தலைக்கு, "ஓ, இப்போது புரியுது!"

பாடமே அந்த நடுத்தலையில்தான் இருக்கிறது. "சார் சொன்னாங்க" என்று மாணவர் சமாளித்தால், மறுபடி அதையே தொடுங்கள். பேட்டரி, ஒயர், ஒரே மாதிரியான இரண்டு பல்புகளை எடுத்து, இரண்டும் ஒரே வெளிச்சத்தில் எரிவதைக் காட்ட வேண்டும். அம்மீட்டரைப் பல்புக்கு முன்னும் பின்னும் வைத்து, அளவு மாறவில்லை என்றும் காட்ட வேண்டும். அதன்பிறகே பின்தலை.

ரோபோவைத் தரையில் உட்காரவையுங்கள். 58 சென்டிமீட்டர் உயரம்தான் என்றாலும், மேசையிலிருந்து விழுந்தால் பழுதுபார்க்கும் செலவு பெரிது. நெடுநேரம் நின்றால் மூட்டு மோட்டார்களும் சூடேறும். சார்ஜ் ஒரு மணி நேரமாவது நிற்கும், ஒரு பீரியடுக்குப் போதும்.

தினமும் கொண்டுவராதீர்கள், புதுமோகம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அடுத்த பாடத்துக்கான தவறான விடையை மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். நம்பும்படியான தவறு எழுத, சரியான விடை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நாவோ வாங்க வசதியில்லையா? அட்டைப்பெட்டியில் முகம் வரைந்து உள்ளே புளூடூத் ஸ்பீக்கர் வையுங்கள். கையசைப்பு இருக்காது, கேள்வி இருக்கும். நாவோவே கிடைத்துவிட்டால், அதன் தலையில் இரண்டு கேமராக்கள் இருப்பதை மறக்காதீர்கள்: பெற்றோர் எழுதிக் கொடுக்காமல் எந்தப் பிள்ளையையும் படம்பிடிக்க வேண்டாம்.