தலைப்பு வரிகளைத் தொகுக்கும் முறை

எச்.டி.டி.பி. முறையில் கணிப்பொறிக்கும் இணையத்தளத்திற்கும் இடையே செல்லும் செய்திகளின் முன்னால் தலைப்பு வரிகள் அமைந்திருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயரும், முக்காற்புள்ளிக்குப் பின் அதன் மதிப்பும் உண்டு. ஆதலின், இச்செய்திகளைக் கையாளும் நிரல் நூலகத்தை எழுதுவோர், பெயருக்கு ஒரு மதிப்பு வீதம் அகராதிபோல் இவற்றை அடுக்கிவிடலாம் என எண்ணுதல் இயல்பே.

ஆயினும் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு கருதப்படுவதில்லை. தேடும்போது தொகுப்பே அதனைப் பொருட்படுத்தாதிருத்தல் வேண்டும், இஃது எளிது. தொல்லை தருவது வேறொன்று. ஒரே பெயர் பலமுறை வரலாம். 2022ஆம் ஆண்டில் வெளியான ஆர்.எஃப்.சி. 9110 என்னும் விதித்தொகுப்பு, பட்டியலாக அமையும் மதிப்புகளை வந்த வரிசையிலேயே காற்புள்ளியிட்டு இணைக்க இடமளிக்கிறது. ‘செட்-குக்கீ’ வரிகளை அவ்வாறு இணைத்தலாகாது. அவற்றில் வரும் காலாவதித் தேதியில் கிழமையை அடுத்தும் காற்புள்ளி உண்டு. இணைத்தபின் எது எங்கே முடிகிறது என்பது மயங்கும். ஆசிரியர் இத்தகைய இரு வரிகளைக் கரும்பலகையில் எழுதி, இணைத்துப் பின் பிரிக்கச் சொன்னால் மாணவர்க்கு உடனே விளங்கும். மதிப்பு ஒன்றை மட்டும் வைத்துப் பிறவற்றை விடுதல் இன்னும் தீது. விண்ணப்பத் தளத்தில் நுழைந்தவரின் அடையாளமே தொலைந்துபோகக் கூடும்.

பைதான் மொழியின் யூ.ஆர்.எல்.லிப்3 நூலகத்தில், அகராதி முறையில் கேட்டால் இணைத்த மதிப்பும், ‘கெட்லிஸ்ட்’ என்று கேட்டால் தனித்தனி மதிப்புகளும் கிடைக்கும். கோ மொழியிலோ ‘கெட்’ முதல் மதிப்பை மட்டும் தரும். அனைத்தும் வேண்டுவோர் ‘வேல்யூஸ்’ எனக் கேட்டல் வேண்டும். அம்மொழியில் ‘செட்’ பழையதை நீக்கிப் புதியதை வைக்கும். ‘ஆட்’ பழையதோடு சேர்க்கும். இவ்விரு செயல்களையும் ஒரே பெயரால் வழங்காமை நன்று.