ஐ.எல்.ஆர். மெட்ராஸ் என்றால் என்ன?

கேள்வி: பழைய தீர்ப்புகளில் ‘ஐ.எல்.ஆர். 5 மெட்ராஸ் 20’ என்பது போலக் குறிப்பு வருகிறதே, அது என்ன? (சட்டக் கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: ‘இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்’ என்ற அரசுத் தொகுப்பின் சென்னை வரிசை அது. முதல் எண் தொகுதியையும் கடைசி எண் பக்கத்தையும் குறிக்கும்.

சென்னை உயர் நீதிமன்றம் 1862-இல் தோன்றியது. அதன் தொடக்ககாலத் தீர்ப்புகள் ‘மெட்ராஸ் ஹைகோர்ட் ரிப்போர்ட்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்தன. அவற்றைத் தொகுத்தவர்களில் ஒருவர் விட்லி ஸ்டோக்ஸ். பழைய ஐரிஷ் மொழியில் பெரும் புலமை பெற்றவர் என்றும் இவரை உலகம் அறியும்.

பிறகு வந்தது 1875-ஆம் ஆண்டின் லா ரிப்போர்ட்ஸ் சட்டம். அரசு அனுமதி பெற்ற தொகுப்பைத் தவிர வேறெதையும் மேற்கோளாகக் கேட்க எந்த நீதிமன்றமும் கட்டுப்பட்டதல்ல என்றது அது. 1876 முதல் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய், அலகாபாத் என நான்கு வரிசைகள் கிளம்பின.

சட்டம் அப்படிச் சொன்னாலும் தனியார் இதழ்கள் அடங்கிவிடவில்லை. 1891-இல் தொடங்கிய ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ தீர்ப்புகளை அச்சிட்டதோடு விமர்சிக்கவும் செய்தது. வக்கீல்கள் அதையும் கையில் எடுத்துக்கொண்டுதான் வாதாடினார்கள், நீதிபதிகளும் கேட்டார்கள்.

உச்ச நீதிமன்றத்துக்கு ‘சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ்’ என்று தனித் தொகுப்பு உண்டு. 2023 முதல் அதை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். ஆனால் உங்கள் கல்லூரி நூலகத்தில் பழைய மெட்ராஸ் தொகுதி ஏதாவது இருந்தால், ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.