நூற்பாலையில் நோய் விடுப்பைக் கணக்கிடும் முறை

நோய் விடுப்பு மிகுந்துவிட்டதே என்று நிர்வாகி கேட்ட மாத்திரத்தில், ஆண்டின் மொத்த நாட்களைக் கூட்டி, அதிக நாள் வராதவர் பெயரை முதலில் எழுதி நீட்டிவிடுவது டைம் ஆபீஸில் புதிதாகப் பொறுப்பேற்கும் இளைஞர் பலரின் வழக்கம். காசநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் அப்பட்டியலில் குற்றவாளிபோல் நிற்க நேரிடுவதால், முறையைப் படிப்படியாகச் சொல்வது அவசியமாகிறது.

முதலாவது, பன்னிரண்டு மாத வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலக் காய்ச்சல் அடங்காத கணக்கு கணக்கே அன்று. ஈ.எஸ்.ஐ. சீட்டுகளை மட்டும் நம்பலாகாது. நோயின் முதல் இரண்டு நாட்களுக்குப் பொதுவாக உதவித்தொகை இல்லையாதலால், ஒரு நாள் காய்ச்சலுக்கு டிஸ்பென்சரியில் காத்திருந்து சீட்டு வாங்குவோர் சிலரே.

இரண்டாவது, பிரசவ விடுப்பையும் வேலையில் பட்ட காயத்தையும் தனியே ஒதுக்குங்கள்.

மூன்றாவது, நாட்களை ஒரு பத்தியிலும் தடவைகளை மற்றொரு பத்தியிலும் எழுதுங்கள். பிராட்போர்டு கணக்கு என்பது தடவையைத் தடவையால் பெருக்கி, வந்ததை நாட்களால் பெருக்குவது. டைபாய்டில் தொடர்ந்து பத்து நாள் படுத்தவருக்கு 10 வரும். பத்துத் தடவை ஒவ்வொரு நாளாக நின்றவருக்கு 1,000 வரும். எங்கே விசாரிக்க வேண்டும் என்பதையே இவ்வெண் காட்டும், காரணத்தைச் சொல்லாது. இதைக் கொண்டு ஒருவருக்கும் மெமோ கொடுக்கலாகாது.

நான்காவது படியில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். வாரவிடுப்பை ஒட்டி ஆட்கள் குறைந்தால், குடியென்றும் சோம்பலென்றும் உடனே தீர்ப்பெழுதிவிடுகிறோம். ஆனால் பஞ்சுத் தூசியால் வரும் பைசினோசிஸ் என்னும் நோயின் சுபாவமே, விடுப்பு கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில், தூசியில் சில மணி நேரம் நின்றபின் நெஞ்சை இறுக்கி மூச்சை முட்டவைத்து, அடுத்த நாட்களில் சற்றே தணிவதாகும். ஆகவே காலண்டரின் திங்கட்கிழமையைப் பார்க்காமல், ஒவ்வொருவருக்கும் அவரவர் வாரவிடுப்பிலிருந்து எண்ணுங்கள். விடுப்புக்கு அடுத்த நாளோடு அதற்கு மறுநாளையும் சேர்த்துப் பாருங்கள். பாதி ஷிப்டில் கேட் பாஸ் வாங்கி வீட்டுக்குப் போனவர்களையும் விட்டுவிடாதீர்கள். பிறகு, தூசி மிகுந்த ப்ளோ ரூம், கார்டிங் இரண்டையும் கோன் வைண்டிங்குடன் ஒப்பிடுங்கள். எண்ணிக்கையாக அல்ல, அந்தந்தப் பகுதியின் ஆள்பலத்துக்கு விகிதமாக. குறைவு எல்லாப் பகுதியிலும் சமமாயிருந்தால் காரணம் ஆலைக்கு வெளியேயும் இருக்கலாம். முன்னிரண்டில் மட்டும் குவிந்திருந்தால் தூசியையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்போது, விடுப்புக்குப் பின் வரும் முதல் நாளில், ஷிப்டுக்கு முன்னும் பின்னும் மூச்சளவைப் பரிசோதிக்குமாறு மருத்துவரைக் கேளுங்கள்.

ஐந்தாவது, இரவு ஷிப்டையும் இதேபோல் பிரித்துப் பாருங்கள். ஐந்தாறு பேரே உள்ள பகுதிக்கு விகிதம் போடாதீர்கள். ஒருவர் காய்ச்சலே அதைக் குலைத்துவிடும்.

கடைசியாக, தொழிலாளியைத் தனியே அழைத்துப் பேசுங்கள். மேஸ்திரி அருகில் நிற்கக் கூடாது. நோயின் பெயரைக் கேளாமல், வேலையில் எது சிரமமாயிருக்கிறது என்று கேளுங்கள்.

பைசினோசிஸைத் தொழில்சார் நோயாக 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையே ஏற்றது. ஆதலால் நீங்கள் தயாரிக்கும் அறிக்கையில், ஆட்களின் பெயருக்கு முன்பாகத் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் நிலையை எழுதுங்கள். நியாயமான விசாரணை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.