பிழையைத் தேடிப் போகிறவர்கள்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் உனக்கு, அசைவை உணரும் நுண்கருவிகளில் ஆராய்ச்சி செய்ய ஆசை. "அது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் துறை" என்கிறார்கள் சிலர். "ஒவ்வொரு செல்போனிலும் வந்துவிட்ட பொருளில் ஆராய இன்னும் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள் வேறு சிலர். இரண்டுக்கும் பதில் அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கிறது. அதைத் திறந்து பார்ப்போம்.

பேருந்தில் பிரேக் போட்டதும் நிற்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள் அல்லவா? நீ ஆசைப்படும் நுண்கருவிகளில் ஒன்றான முடுக்கமானிக்குள் நடப்பதும் அதுதான். சிலிக்கானில் செதுக்கிய ஒரு சிறு எடை, அதே சிலிக்கானில் செதுக்கிய மெல்லிய ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. சிப் நகரும்போது எடை சற்றுப் பின்தங்கும். எடையிலிருந்து நீளும் தகடுகளுக்கும் அவற்றுக்கு எதிரே அசையாமல் நிற்கும் தகடுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மாறும். அதனால் மின்தேக்குதிறன் மாறும். அந்த மாற்றத்தை மின்சுற்று படித்துச் சொல்லும்.

1990களின் தொடக்கத்தில் கார் ஏர்பேக்குகளுக்காக அனலாக் டிவைசஸ் நிறுவனம் கொண்டுவந்த ஏடிஎக்ஸ்எல்50 சிப்பை எடுத்துக்கொள். உள்ளே தொங்கும் எடை 0.1 மைக்ரோகிராம். தகடுகளுக்கு நடுவே 1.3 மைக்ரோமீட்டர் இடைவெளி. அந்த வடிவமைப்பு கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சிறிய நகர்வு 0.2 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஏறத்தாழ ஓர் அணுவின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. எடை, ஸ்பிரிங், காற்றின் தடை, அதிர்வெண் எல்லாம் நீ வகுப்பில் படிக்கிற பாடங்கள். எனவே இது உன் துறையும்தான்.

அந்தப் பாடத்திலிருந்து ஒரே ஒரு உறவை மனதில் நிறுத்திக்கொள். ஒரு முடுக்கத்துக்கு எடை எவ்வளவு நகரும் என்பது, ஸ்பிரிங்கின் இயல்பு அதிர்வெண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். அதிர்வெண்ணைப் பத்தில் ஒரு பங்காக்கினால் நகர்வு நூறு மடங்காகும். ஏர்பேக் சிப் நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரக்கூடியது. மோதலின் பெரும் அதிர்ச்சியைத் தாங்கவும் கணப்பொழுதில் பதில் சொல்லவும் அந்த விறைப்பு வேண்டும். மென்மையான அசைவைக் கேட்க வேண்டுமானால் ஸ்பிரிங் தளர வேண்டும். தளர்ந்தால் எளிதில் உடையும். எதற்காக எதை விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிப்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை தெரியும்.

இனி இரண்டாவது கேள்வி: ஆராய இன்னும் என்ன இருக்கிறது? ஒரு முடுக்கமானி, புவியீர்ப்பு முடுக்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் தவறாகச் சொல்கிறது என்று வை. அதை நம்பி, ஜிபிஎஸ் இல்லாமல் நம் இடத்தைக் கணக்கிட்டால் ஒரே நிமிடத்தில் 17 மீட்டருக்கு மேல் விலகிப்போவோம். பிழை நேரத்தின் வர்க்கமாகப் பெருகுகிறது. சுரங்கப்பாதைக்குள்ளோ கடலுக்கடியிலோ போகும் வாகனத்துக்கு அந்த விலகல் ஆபத்து. கருவி மலிவாகிவிட்டது, ஆனால் அதன் சொல்லை நீண்ட நேரம் நம்பலாம் என்ற நிலை இன்னும் வரவில்லை. ஆராய்ச்சிக்கு மிச்சமிருக்கும் இடம் அதுதான்.

பிழை எங்கிருந்தெல்லாம் வருகிறது தெரியுமா? வெப்பம் ஏறினால் சிலிக்கானின் விறைப்பு சற்றுக் குறையும். சிப்பை ஒட்டிய பசை ஒரு விகிதத்திலும் சிப் வேறொரு விகிதத்திலும் விரிவதால் சிப் நுண்ணளவில் வளையும். சுற்றியுள்ள காற்று மூலக்கூறுகள் எடையை ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். மின்சுற்றுக்கும் தனக்கென்று ஒரு இரைச்சல் உண்டு. இவை அத்தனையும் கலந்து ஒரே எண்ணாக உன் முன்னால் வரும். அந்த எண்ணில் அசைவு எவ்வளவு, அசைவல்லாதது எவ்வளவு என்று பிரித்தறிவதுதான் இந்தத் தொழில். அணுக் கடிகாரங்களின் நிலைத்தன்மையை அளக்க டேவிட் ஆலன் 1966இல் தந்த கணக்குமுறையைத்தான் நாங்கள் சுழற்சியை அளக்கும் சுழல்மானிகளுக்கும் பயன்படுத்துகிறோம். பிழையை ஆராய்பவர்களுக்குத் துறை எல்லை கிடையாது.

இந்தத் துறையை வளர்த்தவர்கள் வந்த வழிகளைப் பார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லின் ராய்லன்ஸ் என்ற பெண், ஜேம்ஸ் ஏஞ்சலுடன் சேர்ந்து 3 மில்லிமீட்டர் நீளமும் 0.02 கிராம் எடையும் உள்ள சிலிக்கான் முடுக்கமானியை உருவாக்கி 1979இல் கட்டுரை வெளியிட்டார். சிலிக்கான் முடுக்கமானிகள் கார்களில் பரவலாக இடம்பிடிக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஐபிஎம்மில் இருந்த கர்ட் பீட்டர்சன் 1982இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். சிலிக்கான் மின்சாரத்துக்கு மட்டுமான பொருள் அல்ல, எஃகுக்கு நிகரான விறைப்புள்ள இயந்திரப் பொருள் என்று சான்றுகளோடு காட்டினார். ஜெர்மனியின் போஷ் நிறுவனத்தில் ஃபிரான்ஸ் லார்மரும் ஆண்ட்ரியா உர்பனும் சிலிக்கானைச் செங்குத்தாக ஆழமாக அரித்தெடுக்கும் வழியை உருவாக்கினார்கள். அரிப்பு வாயுவையும், சுவரைக் காக்கும் படலத்தை உண்டாக்கும் வாயுவையும் மாறி மாறிச் செலுத்தும் முறை அது. இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் அதற்குப் போஷ் முறை என்றே பெயர். ஒருவர் கருவியைச் செய்தார், ஒருவர் பொருளின் குணத்தைத் தொகுத்தார், இருவர் செய்முறையைத் தந்தார்கள். உனக்கும் இவற்றில் ஒரு வாசல் பொருந்தும்.

எனக்கு மிகவும் பிடித்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக் கதை. அங்கே ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் பெருங்கருவிகளுக்காகக் கண்ணாடிகளை அதிர்வில்லாமல் தொங்கவிடும் கலையை ஒரு குழு பல ஆண்டுகளாகப் பயின்றுவந்தது. அந்த அறிவோடு ஒரு சிலிக்கான் துண்டை அணுகினார்கள். நொடிக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே ஆடக்கூடிய மிகத் தளர்வான ஸ்பிரிங் அமைப்பைச் செதுக்கினார்கள். ரிச்சர்ட் மிடில்மிஸ் முதல் ஆசிரியராக 2016இல் நேச்சர் இதழில் அந்த முடிவுகள் வெளியாயின. நிலவும் சூரியனும் இழுப்பதால் பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழக் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு வரும் ஏற்ற இறக்கத்தை அந்தக் கருவி நாள்கணக்கில் பின்தொடர்ந்தது. செல்போன் முடுக்கமானிக்கும் அதற்கும் அடிப்படை ஒன்றே. சென்ற தூரம்தான் வேறு. அந்தத் தூரத்தைக் கடக்க உதவியவை தளர்ந்த ஸ்பிரிங்கும், வெப்பத்தை மிகக் கவனமாகக் கட்டுப்படுத்திய பொறுமையும்.

பொறுமை என்று சொன்னது உபசாரத்துக்கு அல்ல. வடிவத்தை வரைந்து, மாஸ்க் செய்து, கிளீன் ரூமில் அரித்தெடுத்துக் கையில் வாங்க மாதங்கள் ஆகும். கடைசிக் கட்டத்தில் கழுவிய நீர் உலரும்போது, அதன் பரப்பு இழுவிசையே எடையைச் சிப்பின் அடித்தளத்தோடு ஒட்டவைத்துவிடலாம். பிறகு வெப்ப அறையிலும் சுழல்மேசையிலும் வைத்துச் சோதனை. ஒவ்வொரு நாளும் என்ன மாற்றினாய், அறையின் வெப்பநிலை என்ன என்று குறிப்பேட்டில் எழுதும் பழக்கத்தை இப்போதே தொடங்கு. அதிர்வியலை ஆழமாகப் படி; மின்சுற்று செய்பவரோடு அவர் மொழியில் பேசும் அளவுக்கு எலக்ட்ரானிக்ஸும், தரவை அலச நிரலாக்கமும் கற்றுக்கொள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நானோ அறிவியல், பொறியியல் மையத்திலும் சென்னை ஐஐடியிலும் இந்த ஆய்வு நடக்கிறது. அனந்தசுரேஷ் உள்ளிட்ட இந்தியப் பேராசிரியர்கள் எழுதிய 'மைக்ரோ அண்ட் ஸ்மார்ட் சிஸ்டம்ஸ்' பாடநூலை உன் கல்லூரி நூலகத்தில் தேடு.

அதற்கு முன் ஒரு சோதனை. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலியை உன் செல்போனில் ஏற்று. போனைத் திரை மேலே இருக்கும்படி மேசையில் வைத்து, புவியீர்ப்பு சேர்ந்த முடுக்கத்தை ஒரு நிமிடம் பதிவு செய்து சராசரி எடு. செங்குத்து அச்சில் 9.8ஐ ஒட்டிய எண் வரும். அதே இடத்தில் கவிழ்த்து வைத்து மறுபடி எடு, எதிர்க்குறியோடு வரும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் பூஜ்ஜியம் வர வேண்டும். பெரும்பாலும் வராது. வருவதுதான் உன் கருவியின் பிழை. பிறகு போன் நன்றாகச் சூடாகும்வரை அரைமணி நேரம் வீடியோ ஓடவிட்டு, அதே பிழையை மறுபடி அளந்து பார்.

சூடாவதற்கு முன்னும் பின்னும் கிடைத்த இரண்டு பிழை எண்களையும் எனக்கு எழுதி அனுப்பு. அவை ஏன் வேறுபடுகின்றன என்று நீ நினைக்கும் காரணத்தையும், அந்தக் காரணம் சரிதானா என்று சோதிக்க அடுத்து என்ன செய்வாய் என்பதையும் சேர்த்து எழுது. அந்த அடுத்த சோதனையைப் பற்றி எழுதும்போது உனக்கு ஆர்வம் கூடுகிறதா, சலிப்பு வருகிறதா என்று கவனி. ஆர்வம் கூடினால் யார் என்ன சொன்னாலும் தயங்காமல் இந்தத் துறைக்கு வா.

அன்புடன்,
அக்கா