பிறர் கண்ணாடியில் தன் முகம்

தெற்கு தில்லியின் மோதி பாக், அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்றும் இங்கு இயங்கி வருகிறது. இத்தகைய குடியிருப்புகளில் பிள்ளைகளின் நட்பு முன்பெல்லாம் விளையாட்டுத் திடலில் வளர்ந்தது. இன்று அதில் பெரும்பங்கு கைபேசித் திரையில் வளர்கிறது. திடலில் எழும் சச்சரவு பொழுது சாய்ந்தால் முடிந்துவிடும். திரையில் எழும் ஏளனமோ வீட்டுக்குள்ளும் வந்து, இரவிலும் உறங்கவிடாது.

தில்லி கண்ட பாடம்

2020 மே மாதத் தொடக்கத்தில், ஊரடங்கு நாட்களில், தெற்கு தில்லியில் ஒரு செய்தி பெற்றோரை உலுக்கியது. பள்ளி மாணவர்கள் சிலர் இன்ஸ்டாகிராமில் ‘பாய்ஸ் லாக்கர் ரூம்’ என்ற குழுவை அமைத்து, சிறுமியரின் படங்களை அவர்கள் அறியாமல் பகிர்ந்து, உடலைப் பற்றி இழிவாக உரையாடியது வெளிப்பட்டது. தில்லி மகளிர் ஆணையம் காவல்துறைக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் அறிவிக்கை அனுப்பியது. சைபர் பிரிவு வழக்குப் பதிவு செய்தது.

இதில் இரண்டாவது பாடமும் உண்டு. அக்குழுவினுடையது எனப் பரவிய மிகக் கொடிய உரையாடல் ஒன்று, உண்மையில் ஸ்னாப்சாட்டில் வேறிருவரிடையே நிகழ்ந்தது என்றும், அதில் ஒருவர் ஆண் பெயரில் பேசிய சிறுமி என்றும் காவல்துறை பின்னர் தெரிவித்தது. அதற்குள் நாடு முழுவதும் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. பிள்ளைகள் ஆராயாமல் பகிர்ந்தனர். அவர்களைக் கண்டித்த பெரியோரும் ஆராயாமலே பகிர்ந்தனர். திருவள்ளுவர் புறங்கூறாமைக்குத் தனி அதிகாரமே வகுத்திருப்பதன் நுட்பம் இங்கு விளங்கும். எதிரில் இல்லாதவரைப் பற்றிப் பேசும்போது நாவுக்குக் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. திரைக்கு முன்னால் அமர்ந்திருப்பவருக்கு எல்லோருமே எதிரில் இல்லாதவர்கள்தாம்.

ஒப்பீடு என்னும் நோய்

பிறரோடு ஒப்பிட்டே மனிதன் தன்னை மதிப்பிட முயல்கிறான் என்று உளவியலறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் விளக்கினார். அக்காலத்தில் ஒப்பிடுவதற்கு அண்டை வீட்டாரும் வகுப்புத் தோழர்களும் இருந்தனர். இன்று பதின்மூன்று வயதுச் சிறுமி, நூறு படங்களில் தேர்ந்தெடுத்து, மென்பொருளால் நிறமும் வடிவமும் திருத்திய முகங்களோடு தன் இயல்பான முகத்தை ஒப்பிடுகிறாள். பிறரது அலங்காரத்தைத் தன் அன்றாடத்தோடு நிறுத்துப் பார்க்கும் தராசில் அவள் தட்டு எப்படி உயரும்? விருப்பக் குறிகளின் எண்ணிக்கை அவளுடைய மதிப்பெண்ணாகிவிடுகிறது.

இது வெறும் ஊகமன்று. ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்வு ஆவணங்கள் 2021-இல் வெளிவந்தன. தம் உடலைப் பற்றி மனம் நொந்திருந்த பதின்வயதுச் சிறுமியருள் 32 சதவீதத்தினர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தை மிகுவித்தது எனக் கூறியிருந்தனர். 2023 மே மாதத்தில், அப்போது அமெரிக்கத் தலைமை மருத்துவராக இருந்த இந்திய வம்சாவளியினர் விவேக் மூர்த்தி ஓர் எச்சரிக்கை விடுத்தார். நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் இத்தளங்களில் செலவிடும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் அபாயம் இருமடங்காக இருப்பதை அது சுட்டியது. நட்பும் ஆதரவும் இவற்றால் கிடைப்பதையும் அவ்வறிக்கை மறுக்கவில்லை. ஆஸ்திரேலியாவோ 16 வயது நிரம்பாதோர் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் 10 முதல் தடுத்துள்ளது.

உடலுக்கு அப்பால்

எட்டுக் கோணல் உடைய அஷ்டாவக்கிரர் சிறுவனாக ஜனகரின் அவைக்குள் நுழைந்தபோது பண்டிதர்கள் நகைத்ததாகக் கதை வழங்குகிறது. தோலைப் பார்த்து ஆளை மதிப்பவர்களை அறிஞர் என எண்ணி வந்தேனே என்று அவர் பதிலுரைத்தார், அவை தலைகுனிந்தது. அச்சிறுவனின் உறுதி ஒரே நாளில் வந்ததன்று. தன் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதை அவன் முன்பே அறிந்திருந்தான். அந்த அறிவைப் பிள்ளைக்கு முதலில் ஊட்டும் இடம் வீடு.

வீட்டில் செய்ய வேண்டியவை

நிறம், பருமன், உயரம் பற்றிய கேலி வீட்டில் ஒலிக்கலாகாது. உறவினர் விளையாட்டாகச் சொல்லும் சொல்லும் பிள்ளையின் நெஞ்சில் தைக்கும். இரவில் கைபேசிகள் அனைத்தும், பெற்றோருடையவை உட்பட, பொது அறையில் இருக்கட்டும்.

பிள்ளை துன்பத்தைச் சொல்ல வரும்போது கைபேசியைப் பறிப்பது முதற்செயலாக வேண்டாம். சொன்னால் பறிபோகும் என அஞ்சும் பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது. முதலில் கேட்க வேண்டும்; தவறு உன்னுடையதன்று எனத் தேற்ற வேண்டும். ஏளனச் செய்திகளை அழிக்காமல் திரைப்படமாகச் சேமித்து, அனுப்பியவரைத் தடை செய்து, பள்ளிக்கும் தெரிவிக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் புகார் பதியலாம். சிறாருக்கான உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416.

தன் பிள்ளை துன்புறுத்தப்படுகிறதா எனக் கவலையுறும் பெற்றோர், தன் பிள்ளை துன்புறுத்துகிறதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். தில்லியின் அந்தக் குழுவில் இருந்தவர்களும் ஏதோ ஒரு வீட்டின் செல்லப் பிள்ளைகளே. தன் உடலை மதிக்கக் கற்ற பிள்ளை பிறர் உடலை இழிவுபடுத்தத் துணியாது. இரண்டும் ஒரே பாடம்.