விபிஎன்: தடை என்னும் வதந்தியும் ரவுட்டர் என்னும் உண்மையும்

வீட்டு லேப்டாப்பைப் பொது இணையத்தின் வழியாகவே, ஆனால் இடையில் யாரும் படிக்க முடியாதபடி, அலுவலகக் கணினிகளோடு சேர்க்கும் ஏற்பாடுதான் விபிஎன். காமராஜர் துறைமுகத்தையும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தையும் ராயபுரம் பக்கத்துச் சென்னைத் துறைமுகத்தையும் நம்பி நடக்கும் சரக்கு நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் வடசென்னையின் எர்ணாவூரிலும் திருவொற்றியூரிலும் நிறைய. கப்பல் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. அதனால் ராத்திரியிலும் வீட்டு வைஃபையிலிருந்து அலுவலக சர்வருக்குள் போக வேண்டியிருக்கிறது. விபிஎன் இணையாத இரவில் எல்லார் வாயிலும் வருவது ஒரே விளக்கம்: “விபிஎன்னை கவர்மென்ட்டு தடை பண்ணிட்டாங்க.”

பண்ணவில்லை. இந்த வதந்திக்குத் தீனி போட்டவை இரண்டு செய்திகள். உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021-ல் விபிஎன் சேவைகளை நிரந்தரமாக முடக்கலாம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமல்ல, பிறகு அது சட்டமாகவும் ஆகவில்லை. அடுத்தது 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்கீழ் பிறப்பித்த உத்தரவு. விபிஎன் சேவை விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கொடுத்த ஐபி எண் போன்றவற்றை 5 ஆண்டுகள் பதிந்து வைக்க வேண்டும் என்பதே விபிஎன் குறித்து அதில் இருந்தது. அதற்கு உடன்படாத எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் ஆகியவை இந்தியாவில் இருக்கும் தங்கள் சர்வர்களை அகற்றப்போவதாக அந்த ஜூனிலேயே அறிவித்தன. விற்பவர் தாமாகக் கடையைக் காலி செய்தது, பரப்பியவர்கள் கையில் கடைக்கே சீல் வைத்த கதையாகிவிட்டது.

உத்தரவைப் படித்துப் பார்க்காதவர்கள்தான் இதைச் சத்தமாகச் சொல்கிறார்கள். நிறுவனங்கள் தம் ஊழியருக்காக நடத்தும் விபிஎன்னுக்கு அந்தப் பதிவு விதி பொருந்தாது என்று 2022 மே மாதக் கேள்வி-பதில் விளக்கத்தில் சர்ட்-இன் எழுத்திலேயே கொடுத்திருக்கிறது. மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் அரசு அலுவலர்களுக்கு விபிஎன் வசதி தருகிறது. தடை செய்த பொருளை அரசே விநியோகிக்குமா? ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் குறிப்பிட்ட காலத்துக்குத் தடை உத்தரவுகள் வந்தது உண்மை. அவை எர்ணாவூர் வரை நீள்வதில்லை.

வதந்தியின் பெரிய கேடு, பழுது பார்ப்பதையே அது நிறுத்திவிடுவது. திரையில் பிழை எண் கண்ணெதிரே நிற்கும். அதைப் படிக்க ஆளிருக்காது. விண்டோஸின் சொந்த விபிஎன்னில் 691 என்று வந்தால் பெரும்பாலும் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு, அல்லது கடவுச்சொல் காலாவதி. 868 என்றால் சர்வரின் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை. எழுத்துப்பிழையையும் டிஎன்எஸ் அமைப்பையும் பார்க்க வேண்டும். 809 என்றால் சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை, பெரும்பாலும் வழியில் ஏதோ ஃபயர்வாலோ ரவுட்டரோ மறிக்கிறது. ஐபிசெக் வகை விபிஎன்னுக்கு யுடிபி 500, 4500 ஆகிய போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். ரவுட்டரில் ‘விபிஎன் பாஸ்த்ரூ’ அணைந்து கிடந்தாலும் இதே கதைதான். லேப்டாப்பின் தேதி, நேரம் தவறியிருந்தால் சான்றிதழ் செல்லாது என்று இணைப்பு மறுக்கப்படும். இதையும் தடைக் கணக்கில் எழுதியவர்கள் உண்டு.

குற்றவாளியைப் பிரிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. லேப்டாப்பை வைஃபையிலிருந்து விலக்கி, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டு விபிஎன்னை இணைக்க வேண்டும். இணைந்தால் கோளாறு வீட்டு ரவுட்டரிலோ பிராட்பேண்ட் இணைப்பிலோ இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டிலும் இணையாவிட்டால் லேப்டாப், கணக்கு, அலுவலக சர்வர் மூன்றில் ஒன்று.

இணைந்த பிறகும் வேலை ஓடாத சிக்கல் வேறு. வீட்டு ரவுட்டரும் அலுவலக வலையமைப்பும் 192.168.1 என்று ஒரே வரிசை எண்களை வைத்திருந்தால், ‘கனெக்டட்’ என்று காட்டும், அலுவலக ஃபோல்டர் மட்டும் திறக்காது. வீட்டு ரவுட்டரின் வரிசையை 192.168.77 போல மாற்றினால் தீரும். சின்னப் பக்கங்கள் திறந்து, பெரிய கோப்பு பாதியில் உறைந்தால் எம்டியுவை, அதாவது ஒரு தடவையில் போகும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவை, சந்தேகிக்கலாம். சாதாரண இணைப்பில் அது 1500, பிபிபிஓஇ வகை பிராட்பேண்டில் 1492. விபிஎன் தன் உறையையும் சேர்ப்பதால் 1400-க்கோ 1300-க்கோ இறக்கிப் பார்ப்பது வழக்கம்.

உயர் அழுத்த மின்கம்பிகளும் ரேடாரும் வைஃபையைக் கெடுக்கின்றன என்பது எர்ணாவூர்ப் பக்கத்து நம்பிக்கை. மின்கம்பியின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், வைஃபையினுடையது 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 240 கோடி. கம்பியின் இரைச்சல் பழைய ஏஎம் ரேடியோவைக் கரகரக்க வைக்கும், வைஃபையை எட்டாது. ரேடார் பற்றிய பேச்சில் மட்டும் துளி உண்மை உண்டு: 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடார் போன்ற அலையைக் கண்டால் ரவுட்டர் சேனலை விட்டு விலகும், அந்த நொடியில் விபிஎன் அறுபடலாம். 36 முதல் 48 வரையிலான சேனல்களில் ஒன்றை நிலையாக வைத்தால் போதும். உண்மையான நெரிசல் அடுக்குமாடிகளில்தான். எர்ணாவூர் சுனாமி குடியிருப்பு போல வீடுகள் ஒட்டி நிற்கும் இடங்களில், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 என்ற மூன்றே சேனல்களில் அத்தனை ரவுட்டர்களும் முட்டிக்கொள்கின்றன.

வைஃபை கோடுகள் முழுதாக இருப்பதால் இணையம் நலம் என்பதும் தவறு. அந்தக் கோடுகள் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள சில அடிகளை மட்டுமே சொல்கின்றன. இலவச விபிஎன் செயலியைப் போட்டால் அலுவலக விபிஎன் சரியாகும் என்பது அதைவிட மோசம்: இரண்டும் மோதிக்கொள்ளும், அலுவலகத் தரவு முகம் தெரியாத யாரோ ஒருவரின் சர்வர் வழியாகப் போகும்.

இத்தனை தொல்லைக்கும் நடுவில் ஒரு லேன் கேபிளை யாரும் நினைப்பதில்லை. மெல்லிய லேப்டாப் வேண்டும் என்ற ஆசையில் பல மாடல்களில் லேன் துளையையே தயாரிப்பாளர்கள் எடுத்துவிட்டார்கள், வாங்குபவர்களும் கேள்வி கேட்கவில்லை. யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்றும் ரவுட்டர் வரை நீளும் கேபிளும் இருந்தால் சேனல் நெரிசல், ரேடார், மின்சேமிப்புக்காக வைஃபை அட்டையை விண்டோஸ் உறங்க வைப்பது எல்லாம் ஒரேயடியாகக் கழன்றுவிடும். கேபிளிலும் விபிஎன் இணையவில்லை என்றால் வைஃபையைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு, பிழை எண், நடந்த நேரம், ஹாட்ஸ்பாட் சோதனையின் முடிவு ஆகிய மூன்றையும் அலுவலக ஐடி பிரிவுக்குச் சொல்ல வேண்டும்.